மேசையருகே நின்று எண்ணியவர்

ஜூபிலி மலருக்கு ஏதேனும் எழுதுமாறு மலர்க்குழுவினர் பணித்தபொழுது, கல்லூரியின் வரலாற்றையும் ஆசிரியப் பெருந்தகைகளின் தொண்டையும் எழுத என்னிலும் தகுதியுடையோர் பலர் உளர் என்பதனால், வேறெவரும் எடுக்கமாட்டார் என்று துணியத்தக்க ஒரு பொருளை எடுத்துக்கொண்டேன். ஸ்னூக்கர் ஆட்டத்திலே பெரும் புள்ளித் தொடர்கள் எவ்வாறு உண்டாகின்றன என்பதே அது. புத்தளத்துக்கும் சிலாபத்துக்கும் இடைப்பட்ட உப்புக்காற்று வீசும் கரையிலே ஸ்னூக்கருக்கு என்ன வேலை என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். வேலை இருந்தது. என் தந்தையார் 1949 முதல் 1975 வரை அந்த வேலையைச் செய்தே குடும்பத்தைக் காத்தார். என்னையும் இக்கல்லூரியிற் படிப்பித்தார்.

தென்னந்தோட்ட உரிமையாளர்களும் அரசாங்க உத்தியோகத்தரும் மாலைதோறும் கூடும் கிளப் ஒன்று எங்கள் பகுதியில் இருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டியதில்லை. தந்தையார் அங்கே மார்க்கர். மார்க்கர் என்பவர் மேசையருகே நின்று, ஆடுபவர் பெறும் புள்ளிகளை உரக்கக் கூறிப் பலகையிற் குறிப்பவர். பைகளில் விழுந்த நிறப்பந்துகளை எடுத்து மீண்டும் உரிய புள்ளியில் வைப்பவர். கைக்கெட்டாத பந்துக்குத் தாங்குகோல் எடுத்துக் கொடுப்பவர். ஆட்டம் முடிந்தபின் பச்சைக் கம்பளித் துணியைத் தூரிகையால் ஒரே திசையில் வாரி, இஸ்திரிக்கை இட்டு, மேசையைப் போர்த்தி மூடுவதும் அவர் கடமையே. கடற்காற்றின் ஈரம் ஏறிய நாட்களிலே பந்து சோம்பி உருளும். "இன்றைக்கு மேசை பாரமாய் இருக்கிறது" என்று அவர் சொன்னால், மறுநாள் உப்பளத்தார் முகமும் வாடியிருக்கும்.

ஸ்னூக்கரின் கணக்கு எளிது. பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள மேசையில் சிவப்புப் பந்துகள் 15. ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. மஞ்சள் 2, பச்சை 3, கபிலம் 4, நீலம் 5, இளஞ்சிவப்பு 6, கறுப்பு 7. ஒரு சிவப்பை வீழ்த்தியபின் ஒரு நிறப்பந்தை வீழ்த்தலாம். நிறப்பந்து மீண்டும் மேசைக்கு வரும், சிவப்பு வராது. சிவப்புகள் தீர்ந்தபின் ஆறு நிறங்களையும் வரிசைப்படி வீழ்த்த வேண்டும். தவறாமல் ஒருவர் தொடர்ந்து சேர்க்கும் புள்ளிகளே 'பிரேக்'. ஒவ்வொரு சிவப்புக்கும் ஒரு கறுப்பு வீதம் எடுத்தால் 120, இறுதி ஆறு நிறங்களுக்கு 27, ஆக 147. முப்பத்தாறு பந்துகள், ஒன்றும் பிசகாமல். எதிராளி தவறிழைத்து இலவசப் பந்து ஒன்று கிடைத்தால் 155 வரை செல்லலாம் என்பது கணக்கு. ஜேமி பர்னெற் என்பவர் 2004ஆம் ஆண்டிலே இவ்வாறு 148 எடுத்து, தொழில்முறைப் போட்டியில் முதன்முறையாக 147ஐக் கடந்தார்.

பந்தை வீழ்த்துவதுதான் வித்தை என்று பார்ப்பவர் எண்ணுவர். தந்தையார் அதனை ஒப்புவதில்லை. "தம்பி, பந்தை விழுத்துகிறவன் நூறு பேர். வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் அடுத்த பந்துக்கு வைக்கிறவன் இரண்டு பேர்" என்பார். நமது விடுதியிலே கரம் ஆடிய நண்பர்கள் இதனை எளிதில் உணர்வர். கரத்தில் ஒரு காயை வீழ்த்தியபின் ஸ்ட்ரைக்கர் கைக்கு மீள்கிறது. விரும்பியவாறு கோட்டின்மேல் வைத்து அடுத்த காயை அடிக்கலாம். முற்செய்த பிழை மன்னிக்கப்படுகிறது. (கரத்திலே நம் நாட்டவர் சிறந்ததற்கு, 2012இல் கொழும்பில் உலகப் பட்டம் வென்ற நிஷாந்த பெர்னாண்டோ சான்று, எனவே கரத்தை இழித்துரைத்தேன் என்று எவரும் கொள்ளற்க.) ஸ்னூக்கரிலோ வெள்ளைப் பந்து, அடித்தவன் விட்ட இடத்திலேயே கிடக்கும். அங்கிருந்துதான் அடுத்ததை ஆடவேண்டும். ஆகையால் நூறு புள்ளி எடுப்பவன் வியத்தகு அடிகளை அடிப்பதில்லை. எளிய அடிகளையே அடிக்கிறான். அவன் ஆட்டம் பார்ப்பதற்கு இலகுவாய்த் தோன்றினால் அதுவே அவன் திறமை.

இவ்விளையாட்டு நம் பக்கத்துச் சரக்கே. 1875இல் ஜபல்பூரிலே நெவில் சேம்பர்லேன் என்னும் இளம் படையதிகாரி இதனைத் தொடங்கிவைத்தார் என்றும், 1882இல் நீலகிரியில் உள்ள ஊட்டி கிளப்பில் இதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன என்றும் கூறுவர். ஆயினும் பெரும் பிரேக்குகளின் கதை, இதற்கு மூத்ததாகிய பில்லியர்ட்ஸிலே தொடங்குகிறது. மூன்று பந்துகளுடன் ஆடும் அந்த ஆட்டத்திலே பந்துகள் தீர்வதேயில்லை. எனவே புள்ளிக்கும் எல்லை இல்லை. ஆஸ்திரேலியராகிய வால்ட்டர் லிண்ட்ரம் 1932 ஜனவரியில் லண்டனிலே ஒரே தொடரில் 4137 புள்ளிகள் எடுத்தார். அவ்வளவு நேரமும் எதிரே நாற்காலியில் வாளாவிருந்தவர் ஜோ டேவிஸ். பொதுமக்களும் இத்தகைய முடிவற்ற தொடர்களைக் கண்டு சலித்துப் பையப்பைய விலகினர். 1927இலேயே ஸ்னூக்கருக்கு உலகத் தொழில்முறைப் போட்டியை நிறுவி முதற் பட்டத்தையும் வென்றிருந்த அதே டேவிஸ், 1955 ஜனவரி 22ஆம் நாள் லண்டன் லெஸ்டர் சதுக்க மண்டபத்திலே வில்லி ஸ்மித்துக்கு எதிராக 147 எடுத்தார். ஆனால் பில்லியர்ட்ஸ் சங்கம் உடனே அதனை ஒப்பவில்லை; தன் விதிகளின்படி ஆடப்பட்ட ஆட்டம் அன்று என்றது. 1957இலேதான் அங்கீகாரம் கிட்டியது. உலகறிந்த வீரரே சாட்சிப் பத்திரத்துக்கு இரண்டாண்டு காத்திருக்க நேர்ந்தது.

தந்தையாருக்கு இவையெல்லாம் தெரியும். கிளப்புக்கு வரும் ஆங்கிலச் சஞ்சிகைகள் பழையனவானபின் அவர் கைக்கு வரும். அவற்றை நான் வாசித்துப் பொருள் சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் எண்கள் மட்டும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. நான் மனக்கணக்கில் விரைவாக இருப்பதைக் கண்டு, "இதை எங்கே படித்தாய்?" என்று நமது கணித ஆசிரியர் ஒருமுறை வினவினார். மார்க்கர் மகனுக்கு எட்டாம் வாய்பாடு எப்படி வந்தது என்பதைக் கூற அன்று எனக்குக் கூச்சமாயிருந்தது.

1967இல் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டி கொழும்பிலே நடைபெற்றது. இங்கிலாந்தின் லெஸ்லி டிரிபீல்ட் வென்ற போட்டி அது. சிலாபத்தில் ரயிலேறினால் கொழும்பு தூரமன்று. தந்தையார் இரண்டு நாள் லீவு கேட்டார். பதினெட்டு ஆண்டுகளில் அவர் தமக்கென்று கேட்ட லீவு அது ஒன்றே. மார்க்கர் போய்விட்டால் மேசையை யார் பார்ப்பது என்று செயலாளர் மறுத்துவிட்டார். போட்டிக்குச் சென்று திரும்பிய அங்கத்தவர்கள் அடுத்த வாரம் அந்த மேசையைச் சுற்றி நின்று, தாம் கண்ட அடிகளைப் பிழைபிழையாக ஆடிக்காட்டினார்கள்; தந்தையார் புள்ளி சொன்னார். புள்ளி சொல்பவர் குரலில் மகிழ்ச்சியும் தெரியலாகாது, இகழ்ச்சியும் தெரியலாகாது என்பது அத்தொழிலின் ஒழுக்கம்.

அவர் ஆடுவாரா என்று கேட்கலாம். அங்கத்தவர் இருக்கையில் ஊழியர் கோலைத் தொடுவதில்லை. துணி சீராக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, எல்லாரும் சென்றபின் சில பந்துகளை உருட்டிப் பார்க்க மட்டும் வாய்வழி அனுமதி இருந்தது. 1969 மாரிகாலத்தில் ஓரிரவு, மழைக்கு அஞ்சிக் குடை கொண்டுபோன என்னை நிறுத்திவைத்து, "எண்ணு" என்றார். நான் எண்ணினேன். ஒன்று, எட்டு, ஒன்பது, பதினாறு என்று தொடங்கியது. ஓட்டில் மழை இரைந்தது. அவர் மேசையைச் சுற்றி நடந்த நடையில் அவசரமே இல்லை. ஒவ்வொரு முறையும் தாமே நிறப்பந்தை எடுத்து உரிய இடத்தில் வைத்துவிட்டு மறுபடி குனிந்தார். எழுபத்தாறில் ஒரு சிவப்பு பையின் விளிம்பில் நின்றுவிட்டது. கிளப்பின் சுவரிலே, அங்கத்தவர் எடுத்த அதிகூடிய பிரேக் 61 என்று பொன்னெழுத்துப் பலகை தொங்கியது. அதனை நான் நோக்கியதை அவர் கண்டார். "இரண்டாம் ஆள் நாற்காலியில் இருக்கவேண்டும். அப்போதுதான் அது பிரேக்" என்று சொல்லி விளக்கை அணைத்தார். வீட்டிலும் அதைப்பற்றி எவருக்கும் உரைக்கவில்லை.

1973இல் பம்பாயிலே எம். ஜே. எம். லாபீர் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். எந்த விளையாட்டிலும் இலங்கையர் ஒருவர் உலக வீரரானது அதுவே முதன்முறை. கிரிக்கெட்டிலே நமக்கு டெஸ்ட் தகுதி கிடைக்க இன்னும் எட்டாண்டும், உலகக் கிண்ணம் கிடைக்க இருபத்துமூன்றாண்டும் இருந்தன. செய்தியைக் கேட்டதும் தந்தையார் முதலில் வினவியது, எவரை வென்றார் என்பதன்று. பெரிய பிரேக் எவ்வளவு என்பதே. அப்போட்டியில் லாபீர் ஒரே தொடரில் 859 எடுத்தார். பில்லியர்ட்ஸில் ஓர் அடிக்குப் பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று புள்ளி. தந்தையார் திண்ணையிலிருந்து விரல்மடித்து, முந்நூறுக்கும் நானூறுக்கும் இடைப்பட்ட அடிகள் என்று கணக்கிட்டார். பின், "அவ்வளவையும் ஒருத்தன் எண்ணியிருக்கிறான்" என்றார். அமெச்சூர்களில் ஆயிரத்தை முதலில் தாண்டியவர் இந்தியாவின் மைக்கல் பெரைரா. 1978இல் அவர் எடுத்தது 1149. லாபீர் 1981இல் காலமானார். பட்டம் உலகப் பட்டமாயினும், அக்காலத்து அமெச்சூர் ஆட்டத்தில் வயிறு வளர்க்க வழியில்லை. இன்று 147 எடுப்போரின் பரிசைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. 2016இல் ரொனி ஓ'சல்லிவன், 147க்குரிய பரிசு பத்தாயிரம் பவுண் மட்டுமே என்றறிந்து, வேண்டுமென்றே கறுப்பை விடுத்து இளஞ்சிவப்பை வீழ்த்தி 146உடன் முடித்தார். அவரது 1997ஆம் ஆண்டு 147, ஐந்து நிமிடம் எட்டு விநாடியில் நிறைவேறிய அற்புதம். இந்தச் செய்கையை மட்டும் என் தந்தையார் இருந்திருந்தால் பொறுத்திருக்கமாட்டார்.

1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டத்தின்பின் பெருந்தோட்டங்கள் ஐம்பது ஏக்கருக்குக் குறைந்தன. கிளப்பும் தேய்ந்து 1975இல் மூடப்பட்டது. மேசையை எவரோ விலைக்கு வாங்கிக் கொண்டுபோயினர். தந்தையாருக்கு ஒரு மாதச் சம்பளம் கொடுத்தனுப்பினார்கள். அவர் அதன்பின் கோலைத் தொட்டதில்லை. ஆனால் எண்களைக் கேட்பதை விடவில்லை. நான் கொழும்பிலே கந்தோர் வேலையில் இருந்த காலம், பிரிட்டிஷ் கவுன்சில் வாசிகசாலைக்குச் சென்று பத்திரிகைகளிலிருந்து படியெடுத்து வந்து வாசித்துக் காட்டுவேன். 1982இல் ஸ்ரீவ் டேவிஸ் தொலைக்காட்சியில் எடுத்த முதல் 147ஐ அவ்வாறு அறிந்தார். 1983 ஏப்ரலில் கனடாவின் கிளிப் தோர்பேர்ண், ஷெபீல்ட் நகரில், உலகப் போட்டியில் முதலாவது 147 எடுத்தார். முதற் சிவப்பு குறிதவறித் தற்செயலாகவே விழுந்தது என்றும், அடுத்த மேசையில் ஆடிக்கொண்டிருந்தவரும் தம் ஆட்டத்தை விட்டு எட்டிப்பார்த்தார் என்றும் வாசித்தேன்.

"முதலாவது ஆண்டவன் போட்டது; மற்ற முப்பத்தைந்தும் அவன் போட்டது" என்று நகைத்தார். சற்றுப் பொறுத்து, "நாற்காலியில் இருந்தது யார்?" என்றார். ரெறி கிரிபித்ஸ் என்றேன். "எண்ணினது யார்?" என்றார். நான் படியெடுத்த தாளில் அது இல்லை. மத்தியஸ்தராக நின்றவர் பெயர் ஜோன் வில்லியம்ஸ் என்று நான் அறிந்தபொழுது தந்தையார் மறைந்து பல ஆண்டுகளாகியிருந்தன.