கழல மறுத்த ஆயில் ஃபில்டர்

பிக்கப் வண்டியின் எஞ்சினோடு தகர டப்பா ஒன்றை ஒட்டவைத்தாற்போல் ஓர் உறுப்பு இருக்கும். அதுவே ஆயில் ஃபில்டர். எஞ்சினுக்குள் சுற்றிவரும் எண்ணெயிலுள்ள இரும்புத் துகளையும் கரியையும் அதனுள் இருக்கும் மடிப்புத்தாள் தடுத்து நிறுத்துகிறது. பழையதைத் திருகிக் கழற்றி எறிந்துவிட்டுப் புதியதைத் திருகிக்கொள்ளும் இந்த டப்பா வடிவம் 1950களில் அமெரிக்காவில் வழக்கத்துக்கு வந்தது. கழற்றுவதற்கென்றே செய்யப்பட்ட பொருள்தான். ஆயினும் அது கழல மறுத்து ஒரு குடும்பத்தின் அன்றைய பிழைப்பைத் தடுத்து நிறுத்துவதும் உண்டு.

என் சகோதரியின் மகன் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்திலிருந்து தஞ்சாவூருக்குப் பிக்கப்பில் மீன் ஏற்றிச் செல்பவன். வண்டிக்கு மாதத் தவணை இருக்கிறது. ஒரு நாள் ஓட்டம் தவறினால் மீனும் காத்திராது, வியாபாரியும் காத்திரார். மறுநாள் வேறு வண்டியைப் பேசிவிடுவார். கூலியை மிச்சப்படுத்த எண்ணெய் மாற்றும் வேலையை அவனே வீட்டு வாசலில் செய்துகொள்வான். சென்றமுறை மட்டும் நேரமின்றி ஒரு பட்டறையில் விட்டிருந்தான். அங்கே யாரோ ஒரு பலசாலி ஃபில்டரை ரெஞ்ச் போட்டு இறுக்கியிருக்கிறார்.

அதன் விளைவு இம்முறை தெரிந்தது. மஃரிபுக்குப் பின் எண்ணெயை வடித்துவிட்டு ஃபில்டரில் கை வைத்தான். அசையவில்லை. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துத் திருப்பினான். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். பெல்ட் ரெஞ்ச் வழுக்கியது. பிடியை இறுக்கியபோது டப்பாவின் நடுப்பகுதி நசுங்கியது. டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் இருந்தேன். வரலாறு படித்துப் பட்டம் பெற்றவனுக்கு அவ்விடத்தில் வேறென்ன வேலை?

இறுதியில் அவன் திருப்புளியையும் சுத்தியலையும் எடுத்தான். டப்பாவின் குறுக்கே திருப்புளியை அடித்து இறக்கி, அதையே கைப்பிடியாக்கித் திருப்புவது ஓட்டுநர்கள் பலரும் அறிந்த வழி. அந்நேரம் எங்கள் தெரு நானா வந்து சேர்ந்தார். சவூதியில் 20 ஆண்டுகளுக்கு மேல் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர்.

“அதைக் கீழே வை தம்பி. இப்போது புது எண்ணெயை ஊற்றினால், பழைய ஃபில்டரோடாவது நாளைக்கு ஓட்டம் போய்விடலாம். ஓட்டை போட்டுவிட்டால் அதுவும் கிடையாது” என்றார்.

அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகு விளக்கினார். டப்பாவின் தகரம் மெல்லியது. மரை இருக்கும் அடித்தட்டோ கனத்த இரும்பு. இறுக்கம் மிகுந்திருந்தால் திருப்புளி தகரத்தைக் கிழித்துக்கொண்டு போகும், அடித்தட்டு அசையாது. அப்புறம் தகரத்தை வெட்டியெடுத்து, அடித்தட்டின் விளிம்பில் உளி வைத்துத் தட்ட வேண்டியதுதான். உளி தவறி எஞ்சினின் வழவழப்பான முகத்தில் கீறல் விழுந்தால் எண்ணெய்க் கசிவு நிரந்தரமாகிவிடும்.

நானா செயின் ரெஞ்சைக் கொண்டுவரச் செய்தார். நசுங்கிய நடுப்பகுதியில் போடாமல், அடித்தட்டை ஒட்டி, தகரம் மடிந்து வலுவாக இருக்கும் இடத்தில் சங்கிலியைச் சுற்றினார். மல்லாந்து படுத்திருப்பவருக்குத் திசை குழம்பும். ஃபில்டரின் மூடிய முனையை நேரே பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிர்ப்புறமே கழலும் திசை. வெடுக்கென்று இழுக்காமல் சீராக அழுத்தம் கொடுத்தார். ‘படக்’ என்றொரு ஓசை; ஃபில்டர் நகர்ந்தது. “எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது, எண்ணெயை வடிப்பதற்கு முன்னால் இதைத்தான் முதலில் தளர்த்திப் பார்க்க வேண்டும். வராவிட்டால் அப்படியே பட்டறைக்கு ஓட்டிப் போகலாம் அல்லவா?” என்றார். மருமகன் பேசவில்லை.

என் உள்ளம் பதறியது அதன்பிறகுதான். புதிய ஃபில்டரைத் திருகப் போனவனின் கையை நானா பிடித்துக்கொண்டார். பழைய ஃபில்டரின் வாயில் இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். என்னிடமிருந்து விளக்கை வாங்கி எஞ்சின் பக்கம் அடித்தார். உலர்ந்து கறுத்த வளையம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் புதிய வளையமும் அமர்ந்திருந்தால், அழுத்தத்தோடு பாயும் எண்ணெய் இரண்டில் ஒன்றைப் பிதுக்கித் தள்ளிவிடும். சில நிமிடங்களில் எண்ணெய் முழுதும் சாலையில் கொட்டிவிடும். எஞ்சின் இறுகி நின்றுவிடும். அதிகாலை இருட்டில், மீன் சுமையுடன், திருவாரூருக்கு இப்பாலோ அப்பாலோ அது நிகழ்ந்திருக்கலாம். எஞ்சினைச் சீராக்கும் செலவு எத்தனை மாதத் தவணைக்குச் சமம் என்று அவன் தாயே எனக்குப் பின்னர்க் கணக்குச் சொன்னாள்.

வளையத்தை நகத்தால் நெம்பியெடுத்து, முகத்தைத் துணியால் துடைத்தார். புதிய வளையத்தில் புது எண்ணெயை விரலால் தடவினார். வறண்ட ரப்பர் சூட்டில் ஒட்டிக்கொள்ளும் என்றார். வளையம் எஞ்சினைத் தொடும்வரை திருகி, அதன்பின் கையாலேயே முக்கால் சுற்று. இந்த அளவு பெரும்பாலான ஃபில்டர்களின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ரெஞ்ச் கழற்றுவதற்கு மட்டுந்தான். வண்டியைப் பட்டறையில் விடுவோர் இந்த ஒன்றையாவது பக்கத்தில் நின்று கவனிப்பது நல்லது.

எண்ணெய் ஊற்றி எஞ்சினை முடுக்கியதும் எண்ணெய் விளக்கு அணைந்தது. கசிவில்லை. நிறுத்திச் சற்றுப் பொறுத்து, அளவுக்கோலைப் பார்த்துக் குறைந்ததை நிரப்பினான். ஃபில்டரின்மேல் தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் பேனாவால் எழுதினான். பழைய எண்ணெய் கேனில் மூடிவைக்கப்பட்டது, வாங்கிச் செல்பவரிடம் கொடுப்பதற்காக. இரவு 3 மணிக்கு வண்டி துறைமுகத்துக்குப் புறப்பட்ட ஓசை எனக்குக் கேட்டது.