சனிக்கிழமையையும் காட்டுங்கோ

"றேஸ் ஞாயிற்றுக்கிழமை தானே, சனிக்கிழமை என்னத்துக்கு ரீவிக்கு முன்னால குந்திக்கொண்டு இருக்கிறியள்?" எண்டு எங்களிட்டைக் கேட்காத ஆக்கள் குறைவு. கிரிக்கெட் பைத்தியமான நண்பன் ஒருத்தன் இன்னும் ஒரு படி மேலே போவான். "நெட் பிராக்டிஸை ஆராவது காசு குடுத்துப் பாப்பினமோ?" எண்டு கேட்டுச் சிரிப்பான்.

போர்முலா வன் பார்க்கிற எங்கட சின்னக் கூட்டத்துக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. குவாலிஃபையிங் சலிப்பு, அதை மாத்த வேணும் எண்டு ரெண்டு பேர். அது இருக்கிறபடி இருக்கட்டும், முதலில் அதை ஒழுங்காய் எல்லாருக்கும் காட்டுங்கோ எண்டு மிச்சப் பேர். கதைச்சுக் கதைச்சு நாங்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான்: மாத்துறதா, காட்டுறதா என்பவை ரெண்டு கேள்விகள் இல்லை. கடந்த முப்பது வருசத்தில் குவாலிஃபையிங்கை மாத்தினதுக்குப் பெரும்பாலும் காரணம் கமரா தான்.

புதிதாய் வாசிக்கிறவர்களுக்குச் சுருக்கமாய்ச் சொல்லிவிடுகிறோம். குவாலிஃபையிங் என்பது தகுதிச் சுற்று. ஞாயிறு ஓட்டத்தில் யார் எந்த இடத்திலிருந்து புறப்படுவது என்று தீர்மானிக்கிற ஒரு மணித்தியாலம். 20 கார்கள் ஓடிய 2025ஆம் ஆண்டுப் பருவத்தை எடுத்தால், முதற்கட்டம் 18 நிமிடம், அதில் கடைசி ஐந்து பேர் வெளியே. இரண்டாம் கட்டம் 15 நிமிடம், இன்னும் ஐந்து பேர் வெளியே. மிச்சப் பத்துப் பேருக்கும் 12 நிமிடம். அதில் ஆகக் குறைந்த நேரத்தில் ஒரு சுற்றை முடிக்கிறவருக்கு முதலிடம், அதாவது போல் பொசிஷன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு சாரதி ரயரைக் காப்பாற்ற வேணும், எரிபொருளைக் கணக்குப் பார்க்க வேணும், முன்னால் போகிறவனுக்குப் பின்னால் பொறுமையாய் இருக்க வேணும். சனிக்கிழமை இது ஒண்டும் இல்லை. புது ரயர், குறைந்த எரிபொருள், ஒரே ஒரு சுற்று. அந்தக் கார் எவ்வளவு வேகமாய்ப் போகும் என்பதை வாரம் முழுவதும் அந்த ஒண்டரை நிமிசத்தில்தான் பார்க்கலாம். 1988இல் மொனாக்கோவில் அயர்டன் செனா, அதே காரை ஓடிய அலன் ப்ரொஸ்ட்டை விட 1.427 செக்கன் வேகமாய் ஒரு சுற்று ஓடினார். அடுத்த நாள் ஓட்டத்தில் செனா தடுப்பில் மோதி வெளியேற, வென்றது ப்ரொஸ்ட். ஆனாலும் அந்த வார இறுதி என்றால் இன்றைக்கும் ஆக்கள் கதைக்கிறது சனிக்கிழமையைப் பற்றித்தான். 1997இல் ஸ்பெயினின் ஹெரெஸில் நடந்ததோ நேர் எதிர். வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூன்று பேரும் 1 நிமிடம் 21.072 செக்கன். ஆயிரத்தில் ஒரு பங்கு செக்கன் கூட வித்தியாசம் இல்லை. யார் முதலில் அந்த நேரத்தை எடுத்தார் என்று பார்த்துத்தான் வரிசை போட்டார்கள்.

இதெல்லாம் நெட் பிராக்டிஸ் இல்லை.

எங்களுக்கு இந்த மணித்தியாலம் எப்படிக் கிடைக்கிறது என்பது வேறு கதை. ஐரோப்பிய ஓட்டங்கள் என்றால் எங்கட நேரம் இரவு ஏழரை, நல்ல நேரம். ஆனால் ஒரு காலத்தில் எங்கட வீட்டுக் கேபிளில் வந்த சனல் ஞாயிறு ஓட்டத்தை மட்டும் காட்டும். சனிக்கிழமை அந்த நேரத்துக்குப் பழைய கிரிக்கெட் மட்ச் ஒன்றின் மறு ஒளிபரப்பு போகும். பிறகு காசு கட்டிப் பார்க்கிற காலம் வந்தது. ஒருத்தர் கட்ட, நாலு பேர் ஒரு போனைச் சுத்தி இருந்து பார்ப்பம்.

2022 மார்ச் 26, ஜெத்தா குவாலிஃபையிங் நடந்த இரவு எங்களுக்கு வடிவாய் ஞாபகம் இருக்கு. மின்வெட்டுக் காலம். போனில் சார்ஜும் இல்லை, டேட்டாவும் இல்லை. வீடியோ பார்த்தால் பாதியில் செத்துவிடும் எண்டு நேரப் பட்டியலை மட்டும் திறந்து வைத்திருந்தோம். அதில் படம் இல்லை. பெயர்களும் இலக்கங்களும் நிறங்களும் தான். ஊதா எண்டால் எல்லாரிலும் வேகம், பச்சை எண்டால் அந்தச் சாரதியின் முன்னைய நேரத்தை விட வேகம், மஞ்சள் எண்டால் முன்னேற்றம் இல்லை. அதுவரை 103 போல் எடுத்திருந்த லூயிஸ் ஹமில்டன் முதற்கட்டத்திலேயே வெளியேறினார். பட்டியலில் அவர் பெயர் கீழே கிடக்கிறது தெரிந்ததே ஒழிய, கார் எப்படித் தடுமாறியது எண்டு தெரியேல்லை. இரண்டாம் கட்டத்தில் திடீரெண்டு சிவப்புக் கொடி. மிக் ஷூமாக்கரின் பெயருக்கு நேரே ஒண்டும் இல்லை. இலக்கங்கள் நிண்டுபோச்சு. ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்ட அந்த அசையாத பட்டியலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். சுவரில் அடிச்சு கார் உடைஞ்சதும், அவரை வைத்தியசாலைக்குக் கொண்டு போனதும், பெரிய காயம் இல்லை என்பதும் பிறகு தான் தெரிய வந்தது. கடைசியில் போல் எடுத்தது செர்ஜியோ பெரெஸ். 215ஆவது ஓட்டத்தில் அவருடைய முதல் போல். அப்படி ஒரு மனுசனின் முகத்தைப் பார்க்க முடியாமல், ஊதா நிறத்தில் ஒரு இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் படுத்தோம்.

இனி மாற்றங்களுக்கு வருவோம். 1996 முதல் 2002 வரை சனிக்கிழமை ஒரு மணித்தியாலம், ஆளுக்கு 12 சுற்று. எப்ப வேணுமெண்டாலும் ஓடலாம். பாதையில் ரப்பர் படியப் படியப் பிடிப்புக் கூடும் என்பதால் பெரிய அணிகள் கராஜுக்குள்ளேயே காத்திருக்கும். முதல் இருபது நிமிடம் ரீவியில் வெறும் பாதை. அதைச் சகிக்க முடியாமல் 2003இல் ஒவ்வொருவராய், ஒரே ஒரு சுற்று எண்டு மாத்தினார்கள். இதில் ஒரு நன்மை இருந்தது. மினார்டி மாதிரிச் சின்ன அணியின் காரும் ஒரு முழுச் சுற்று தனியாய் ரீவியில் வரும். ஆனால் ஓட்டத்துக்கான எரிபொருளோடே ஓட வேணும் எண்டு வைத்தார்கள். அதால் யார் உண்மையில் வேகம், யார் குறைய எரிபொருள் போட்டவர் எண்டு பார்க்கிறவனுக்கு விளங்காது. 2005 தொடக்கத்தில் சனியும் ஞாயிறு காலையும் எடுத்த நேரங்களைக் கூட்டினார்கள். ஆறு ஓட்டங்களோடு அதையும் கைவிட்டார்கள். 2006இல் வந்தது தான் இப்போதுள்ள மூன்று கட்ட முறை. பத்து வருசம் நல்லாய்ப் போனது.

பிறகு 2016இல், அதுவும் காணாது எண்டு, ஒவ்வொரு 90 செக்கனுக்கும் கடைசியில் இருப்பவரை வெளியேற்றுகிற முறையைக் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் பார்த்தால் கதிரை விளையாட்டு மாதிரி விறுவிறுப்பு. ஆனால் கராஜிலிருந்து வெளிக்கிட்டு, ரயரைச் சூடாக்கி, ஒரு சுற்று முடிக்க 90 செக்கன் எப்படிக் காணும்? போதாததுக்கு நல்ல ரயர்களும் எண்ணிக்கை. மெல்பேர்ணில் கடைசி நிமிடங்களில் பாதையில் ஒரு காரும் இல்லை. உச்சக்கட்டம் வர வேண்டிய நேரத்தில் ரீவியில் வெறும் தார் ரோட்டு. பஹ்ரெய்னில் இன்னொருக்கா முயன்று பார்த்துவிட்டு, மூன்றாவது ஓட்டத்தில் பழைய முறைக்கே திரும்பினார்கள். விறுவிறுப்பைச் செயற்கையாய் ஊத்தப் போய், இருந்ததையும் கொட்டிய கதை.

2021இல் ஸ்பிரிண்ட் வந்தது. சில்வர்ஸ்ரனில் வெள்ளிக்கிழமை ஆக வேகமாய் ஓடியவர் ஹமில்டன். சனிக்கிழமை குறுகிய ஓட்டத்தில் வென்ற வெர்ஸ்ரப்பனுக்குத்தான் போல் எண்டு பதிவாச்சு. எங்கட கூட்டத்தில் மாற்றம் வேணும் எண்ட ரெண்டு பேருக்கே இது பொறுக்கவில்லை. அடுத்த வருசமே, குவாலிஃபையிங்கில் வேகமானவருக்குத்தான் போல் எண்டு திருத்தினார்கள்.

அப்ப ஒண்டுமே மாத்தக் கூடாதா? ஒண்டு இருக்கு. 2006 மொனாக்கோவில் மைக்கல் ஷூமாக்கர் தன் நேரத்தை எடுத்து முடித்த பிறகு, றஸ்காஸ் வளைவில் காரை நிறுத்தினார். பின்னால் வந்த அலொன்சோவின் சுற்றுக் கெட்டது. வேணுமெண்டே செய்தது எண்டு நடுவர்கள் அவரைக் கடைசி இடத்துக்கு அனுப்பினார்கள். ஆனால் எல்லாரும் வேணுமெண்டு செய்வதில்லை. 2021இல் அதே மொனாக்கோவில் லெக்ளேர் தடுப்பில் மோதினார், சிவப்புக் கொடி விழுந்தது, பின்னால் வந்தவர்களின் சுற்று போனது, போல் அவருக்கே. அடுத்த நாள் கார் பழுதாகி அவரால் புறப்படவே முடியவில்லை என்பது வேறு. அவர் வேணுமெண்டு செய்தார் எண்டு நாங்கள் சொல்லவில்லை. மனசுக்குள் என்ன இருந்தது என்று விசாரிக்கத் தேவையில்லாத ஒரு விதி வேணும் என்கிறோம். அமெரிக்காவின் இண்டிகார் தொடரில் சிவப்புக் கொடிக்குக் காரணமானவர் தன் வேகமான சுற்றுகளை இழப்பார். போர்முலா வன்னும் அதை எடுத்தால் என்ன? இது ரீவிக்காக வரும் மாற்றம் இல்லை, நியாயத்துக்காக வரும் மாற்றம்.

இனி, காட்டுறது. எங்களுக்கு இதில் உள்ள பெரிய மனக்குறை, சனிக்கிழமை காட்டாவிட்டால் கடைசியில் நிற்பவர்கள் காணாமல் போய்விடுவார்கள் என்பது. இந்தியாவிலிருந்து போர்முலா வன்னுக்குப் போன முதல் சாரதி, கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன். 2011இலும் 2012இலும் மெல்பேர்ணில் அவரும் அவருடைய எச்ஆர்ரி அணித் தோழரும் 107 வீத விதியில் அகப்பட்டார்கள். முதற்கட்டத்தின் வேகமான நேரம் 100 செக்கன் எண்டால், 107 செக்கனுக்குள் வராதவருக்கு ஞாயிறு இடம் இல்லை. ஞாயிறு மட்டும் பார்த்தவருக்கு அந்த ரெண்டு முறையும் நரேன் அங்கே இருக்கவே இல்லை. அதே அணியில் 2010 பஹ்ரெய்னில் சென்னையின் கருண் சந்தோக், கார் பயிற்சிக்குத் தயாராகாததால், அந்தக் காரை முதல்முதலாய் ஓடியதே குவாலிஃபையிங்கில் தான். வாழ்க்கையின் முதல் போர்முலா வன் வார இறுதியில், தெரியாத ஒரு காரில், உலகம் பார்க்கப் பார்க்க.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கு. இண்டியனாபொலிஸ் 500 ஓட்டத்தில் 33 பேருக்குத்தான் இடம். 2019இல், இரண்டு தடவை உலக சம்பியனான அலொன்சோ, மக்லாரன் காரோடு கடைசி இடத்துக்குப் போராடினார். கடைசியாய் ஓட வந்தது கைல் கைசர். சின்ன அணி, விளம்பரதாரர்கள் விலகியிருந்தார்கள், ரெண்டு நாளுக்கு முதல் தான் கார் அடிபட்டிருந்தது. நாலு சுற்றுச் சராசரியில் மணிக்கு 0.019 மைல் வித்தியாசத்தில் கைசர் உள்ளே, அலொன்சோ வெளியே. ஓட்டம் தொடங்க இன்னும் ஒரு கிழமை இருக்கையில், அந்த வருசத்தின் பெரிய கதை முடிஞ்சு போச்சு.

நெட் பிராக்டிஸ் எண்டு சிரிக்கிற நண்பனுக்கு இன்னும் ஒண்டு சொல்ல வேணும். 1994 இமோலா என்றால் எல்லாருக்கும் செனா ஞாபகம் வரும், மே 1, ஞாயிறு. அதற்கு முதல்நாள் சனிக்கிழமை, குவாலிஃபையிங்கில், ஆஸ்திரியாவின் ரோலண்ட் ரட்சன்பேர்கர் இறந்து போனார். 28 கார்கள், 26 இடங்கள். அவருக்கு அது மூன்றாவது போர்முலா வன் வார இறுதி. முதலாவதில் தகுதி பெறவில்லை, இரண்டாவதில் ஓடி முடித்தார். முன் இறக்கை கழன்று அவர் சுவரில் மோதிய இடத்தின் பெயர் வில்நெவ் வளைவு. அந்தப் பெயருக்குரிய ஜில் வில்நெவ் இறந்ததும் 1982இல் சோல்டரில், அதுவும் ஒரு குவாலிஃபையிங்கில். அடுத்த நாள் செனாவின் காருக்குள் இருந்து ஒரு ஆஸ்திரியக் கொடியை எடுத்தார்கள். சனிக்கிழமை போனவரை ஞாயிற்றுக்கிழமை நினைக்க எண்டு அவர் வைத்திருந்தது.

ஆகவே எங்கட பக்கம் இது. மூன்று கட்ட முறையை அப்படியே விடுங்கோ. சிவப்புக் கொடி விதியைத் திருத்துங்கோ. ஓட்டத்தை வாங்கிக் காட்டுகிற சனல்கள் சனிக்கிழமையையும் சேர்த்துக் காட்டட்டும், முதற்கட்டத்தின் கடைசி ரெண்டு நிமிசத்தில் கமராவை முன்னணி ஆக்களிலிருந்து எடுத்து, வெளியேறாமல் தப்ப அடிபடுகிறவர்களுக்குத் திருப்பட்டும். எங்கட கூட்டத்தில் ரெண்டு பேர் இன்னும் முழுசாய் ஒத்துக்கொள்ளவில்லை, ஸ்பிரிண்டும் இருக்கட்டும் என்கிறார்கள். பரவாயில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் எண்டு எழுதுங்கோ. அதுக்கு முதல், அடுத்த சனிக்கிழமை முதற்கட்டத்தை மட்டுமாவது ஒருக்கா பாருங்கோ. பதினெட்டு நிமிசம் தான்.