பெர்லஸ்ட்ரேட்: சுளகில் போட்டுப் புடைக்க வேண்டிய காகிதங்கள்

பெர்லஸ்ட்ரேட் என்றொரு ஆங்கில வினைச்சொல் இருக்கிறது. ஒன்றை மூலை முடுக்கு விடாமல், முழுவதுமாக நுணுகி ஆராய்வது என்று பொருள். ஆங்கிலம் பேசுகிறவர்களில் பெரும்பாலோருக்கே தெரியாத சொல். சங்கரன்கோவிலில் நாங்கள் கூடிப் படிக்கும் வட்டத்திற்கு, போட்டித் தேர்வுக்குத் தயாராகும் தம்பி ஒருவர் இதைக் கொண்டுவந்தார். விசைத்தறிக்குப் போகும் அக்கா ஒருவர் உடனே கேட்டார்: "இத தெரிஞ்சு நமக்கு என்னடே ஆகப்போவுது?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் அந்தச் சொல்லையே கொஞ்சம் குடைந்து பார்த்தோம்.

வேர் லத்தீன். 'பெர்' என்றால் ஊடாக, முழுவதுமாக. 'லுஸ்த்ராரே' என்றால் சுற்றிவந்து பார்ப்பது. அதே சொல்லுக்கு, சுற்றிவந்து தூய்மைப்படுத்துவது என்ற பொருளும் உண்டு. பழைய ரோமில் மக்களைக் கணக்கெடுத்து முடித்ததும், பலி விலங்குகளைச் சுற்றிவரச் செய்து ஊரைத் தூய்மையாக்கும் சடங்கு நடந்தது. ஆளை எண்ணுவதும் தீட்டுக் கழிப்பதும் ஒரே சொல்லின் நிழலில் நின்றிருக்கின்றன. தோழர்களே, இது நமக்கு அந்நியமான செய்தியா?

ரஷ்ய மொழிக்குப் போன அந்தச் சொல் இன்னும் கெட்டுப்போனது. அங்கே அது அடுத்தவர் கடிதத்தை அரசு ரகசியமாகப் பிரித்துப் படிக்கும் வேலைக்குப் பெயரானது. யார் பார்க்கிறார்கள், யாரைப் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரே வினை ஆராய்ச்சியாகவும் இருக்கும், வேவாகவும் இருக்கும்.

நம்மை எப்போதும் நுணுகி ஆராய்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எந்த ஊர், எந்தத் தெரு, அப்பா பெயர் என்ன, குலசாமி எது என்று வாடகை வீட்டுக்காரர் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் ஒரு துருவல். நம் வட்டாரப் பள்ளிகளில் பிள்ளைகளின் மணிக்கட்டுக் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே சாதியைப் படித்துவிடுகிறார்கள். 2019இல் பள்ளிக் கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பும் அளவுக்கு அது வெளிப்படையாக நடந்தது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் தந்த அறிக்கையில் அந்தக் கயிறுகளுக்குத் தடை கேட்டது.

அப்படியானால் இந்த வினைச்சொல்லுக்கு நாம் இதுவரை செயப்படுபொருளாக மட்டுமே இருந்திருக்கிறோம். எழுவாயாவது எப்படி?

பொருளை விளக்கியதும் அதே அக்காதான் வழி சொன்னார்: "நாங்க சுளகுல செய்யிறதுதானே இது?" ஆமாம். புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், சலித்தல் என்று நம்மிடம் எத்தனை சொற்கள்! பதர் வேறு, கல் வேறு, குறுநொய் வேறு என்று பிரிக்கும் ஒவ்வொரு கை அசைவுக்கும் ஒரு பெயர். அடுத்தவர் களத்தில் கூலிக்கு நின்ற நம் பாட்டிகளின் கையில் இருந்த வித்தை அது. லத்தீன் தெரியாமலே அவர்கள் செய்ததை, நாம் இப்போது காகிதத்தில் செய்ய வேண்டியிருக்கிறது.

காகிதத்தில் அதைச் செய்துகாட்டியவர் அண்ணல் அம்பேத்கர். அரசமைப்பு வரைவுக்கு வந்த திருத்தங்கள் 7,635. அவற்றில் 2,473 அவையில் முன்வைக்கப்பட்டன. ஏறத்தாழ ஓராண்டாகப் பிரிவு பிரிவாக, சொல் சொல்லாக விவாதித்து, உடல்நலம் குன்றிய நிலையிலும் பதில் சொன்னார். ஒரு சொல் இடம் மாறினால் ஒரு மக்கள் கூட்டத்தின் உரிமை நழுவிவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

நமக்கு முன்னால் வரும் காகிதம் முதல் தகவல் அறிக்கை. எங்கள் பகுதியில் ஒரு பெரியவரை டீக்கடை முன்னால் நாலு பேர் பார்க்கச் சாதிப் பெயர் சொல்லித் திட்டினார்கள். அவர் வாய்மொழியாகச் சொன்ன புகார் எழுத்தில் வந்தபோது 'வாய்த்தகராறில் ஆபாசமாகத் திட்டினார்' என்று சுருங்கியிருந்தது. காணாமல் போனவை இரண்டு: சொல்லப்பட்ட சாதிப் பெயர், பார்த்துக்கொண்டிருந்த ஆட்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகள் நிற்பதே, 'பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடம்' என்ற சொற்களின் மேல்தான். 2020 நவம்பரில் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், வெளியாட்கள் யாரும் இல்லாத நான்கு சுவருக்குள் நடந்தது அதில் அடங்காது என்று சொல்லிவிட்டது. டீக்கடை என்ற சொல்லும், அங்கே நின்றவர்கள் பெயரும் இல்லாவிட்டால் வழக்கு முதல் நாளே நொண்டத் தொடங்கும்.

அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு நம் கையில் உள்ள சுளகு. வாய்மொழிப் புகாரை எழுதியபின், கையெழுத்து வாங்கும் முன் அதைப் படித்துக்காட்ட வேண்டும். சரியான பிரிவுகளில் பதிய வேண்டும். உடனே நகல் தர வேண்டும். பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத அரசு ஊழியர் இந்தக் கடமைகளை வேண்டுமென்றே தவறவிட்டால், ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறைத் தண்டனைக்கு இடமிருக்கிறது. அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லி, விட்டுப்போன இரண்டையும் சேர்த்து மனு எழுதிக் கொடுத்தோம். பெரிய புரட்சி இல்லை. ஆனால் அவர் முதல்முறையாகத் தன் புகாரைத் தானே முழுதாகக் கேட்டார்.

கோகுல்ராஜ் வழக்கை நினைத்துப் பாருங்கள். 2015 ஜூனில் தண்டவாளத்தில் கிடந்தது அவர் உடல். அவர் தாய் விடாமல் போராடினார். முக்கிய சாட்சி பிறழ்ந்த பிறகும், திருச்செங்கோடு கோயில் கண்காணிப்புக் கேமராப் பதிவுகள் பேசின. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. மேல்முறையீட்டை விசாரித்த உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர், கேமராக்கள் இருந்த இடங்களைக் கோயிலுக்கே போய்ச் சுற்றிப் பார்த்தார்கள். 2023 ஜூனில் எட்டுப் பேரின் ஆயுள் தண்டனை உறுதியானது. சுற்றிவந்து பார்த்தல் என்ற அந்த லத்தீன் வேரின் அசல் பொருள் அதுதான்.

நம் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் மட்டும் நீதிமன்றப் படி ஏறாது. முழக்கம் போடுகிற அதே நேரத்தில் யாராவது ஒருவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காகிதத்தைப் படிக்க வேண்டும்.

உங்கள் ஊரில் யாராவது புகார் கொடுக்கப் போனால் கூடவே போங்கள். எழுதியதைப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். இடம், நேரம், சொன்ன சொல், கூட நின்றவர்கள், சட்டப் பிரிவு ஆகிய ஐந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால், "இத முதல்ல எழுதுங்க சார், அப்புறம் கையெழுத்து" என்று சொல்லுங்கள்.