தூண்டிலின் பாரமும் மேலங்கியின் பாரமும்

விடுமுறை வருகிறது, எத்தாளைப் பிள்ளைகள் தூண்டிலோடு களப்புக்குப் போவார்கள். பெற்றோருக்கு இரண்டு வார்த்தை சொல்ல நினைக்கிறோம்.

கற்பிட்டிக்கு வரும் வெளிநாட்டார் கயாக்கில் கொண்டுபோகும் ‘ஃபிளை’ தூண்டிலைப் பார்த்திருப்பீர்கள். ஒன்பது அடிக் கம்பு, நான்கு துண்டாகக் கழன்று முதுகுப் பைக்குள் போய்விடும். ஈயக்குண்டு இல்லை, இறகு கட்டிய தூண்டில்முள்ளைத் தூரத்துக்குக் கொண்டுபோவது கயிற்றின் பாரம்தான். மலையோடைக்கு உண்டான முறை இது. வெள்ளைக்காரர் 1880களில் நுவரெலியாவுக்கு டிரவுட் மீன் கொண்டுவந்ததே இந்தப் பொழுதுபோக்குக்காகத்தான். எங்கள் காற்றில் அந்தக் கயிறு எறிந்தவர் தலையிலேயே வந்து விழும்! வெறும் போத்தலில் சுற்றிய தங்கூசியைவிடப் பாரம் குறைந்த சாமான் எந்தக் கடையில் இருக்கிறது?

ஆனால் அவர்களிடம் ஒன்று பிடித்திருக்கிறது. கம்பில் பாரம் குறைப்பார்கள், உயிர்காப்பு மேலங்கியைக் குறைக்கமாட்டார்கள். நம் பிள்ளைகள் அதைத்தான் முதலில் கரையில் போடுகிறார்கள். களப்பு நமக்குக் கிழக்கே. மேல்காற்றில் கரையோரத் தண்ணீர் சும்மா கிடப்பதுபோல் இருக்கும், காற்று தரையில் மறைபடுவதால். கொஞ்சம் தள்ளிப் போனால் அதே காற்று தோணியைக் கரையைவிட்டு இழுத்துக்கொண்டு போகும். திரும்பித் துடுப்புப் போடச் சின்னக் கைகளுக்குப் பலம் போதாது.

அறுந்த தங்கூசியைக் கண்ணாவேரில் விட்டுவிடாமல் போத்தலில் சுற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள். அஸருக்குப் பிறகு தனியாக விடாதீர்கள்.