ஒரு மணி நேரம்தானே!

மெட்ராஸிலிருந்து மதுரைக்கு ஃபிளைட்டில் எவ்வளவு நேரம் என்று எங்கள் ஊர்ப் பக்கம் யாரைக் கேட்டாலும், ‘ஒரு மணி நேரம்’ என்பார்கள். விமானத்தில் ஏறாதவர்கள்கூட! இந்தக் கணக்கை நம்பி ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

2012. ராத்திரி பத்து மணிக்கு போன். ராஜபாளையத்தில் அத்தை தவறிவிட்டார். என் அப்பா உயிரோடு இல்லை. பிறந்த வீட்டுக் கோடியை நான்தான் கொண்டுபோய்ப் போட வேண்டும். அது வராமல் எடுக்க மாட்டார்கள். பொதிகை எக்ஸ்பிரஸ் எழும்பூரைவிட்டு எப்போதோ கிளம்பியிருந்தது.

“பஸ்ஸைப் பிடிச்சு வந்துடறேன் அத்தான்.”

“எதுக்கு மாப்ளே ராத்திரியில அலையுற? காலையில ஃபிளைட்ல வா. ஒரு மணி நேரம்தானே!”

முதல் விமானத்தில் சீட் இல்லை. எட்டரைக்குத்தான் கிடைத்தது.

நான் பி.காம். படித்தவன். இந்தக் கணக்கை அன்றே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். சென்னைக்கும் மதுரைக்கும் வான்வழியில் சுமார் 420 கிலோமீட்டர். மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தால் அரை மணி நேரம் போதும். ஆனால், டைம்டேபிளில் ஒண்ணேகால் மணி நேரம் போட்டிருப்பார்கள். நின்ற இடத்தைவிட்டு நகர்வது, ஓடுபாதைக்கு உருண்டு போவது, மேலே ஏறுவது, இறங்குவது, மறுபடி உருண்டு வந்து நிற்பது எல்லாம் அதில் அடக்கம். கொளத்தூரிலிருந்து மீனம்பாக்கம் போன நேரமும், அங்கே காத்துக்கிடந்த நேரமும் அடக்கமில்லை. ராஜபாளையத்துக்காரனுக்கு மதுரை, தூத்துக்குடி, திருவனந்தபுரம் என மூன்று விமான நிலையங்கள். கிட்டத்தில் இருப்பது மதுரை. அதுவே எண்பது கிலோமீட்டருக்கு மேல்!

மதுரையில் இறங்கி செல்போனை ஆன் செய்தால், ஏழு மிஸ்டு கால்.

“இறங்கிட்டேன் அத்தான்.”

“அப்பாடா, வந்துட்டான்!” என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. நான் என்ன சொல்ல?

திருமங்கலத்தில் ஒரு போன். டி.கல்லுப்பட்டியில் ஒன்று. கிருஷ்ணன்கோவிலில் அத்தான் பேசவில்லை; யாரோ பெரியவர், “தம்பி, ஃபிளைட்டு இன்னும் கிளம்பலையா?” என்றார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் காரை நிறுத்தினேன். கோடி எடுக்க வேண்டுமே! நாங்கள் அங்கே குடியிருந்த காலத்தில், அத்தை வெள்ளிக்கிழமைதோறும் ராஜபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவார். பன்னிரண்டு கிலோமீட்டர். பள்ளிக்கூடம் விட்டு நாங்கள் வரும்போது திண்ணையில் இருப்பார். ஒரு வாரம்கூடத் தாமதமானதாக ஞாபகம் இல்லை. கடைக்காரர், “என்ன கலர்ல பார்க்கிறீங்க சார்?” என்றார். பச்சை என்றேன். விலையைக்கூடப் பார்க்கவில்லை.

போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டரை. போன் வந்ததிலிருந்து பதினாலரை மணி நேரம். ராத்திரியே பஸ் ஏறியிருந்தால், பத்து மணிக்கெல்லாம் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

தெருவே என்னைப் பார்த்தது. அத்தான் ஒன்றும் கேட்கவில்லை. சேலையை வாங்கிப் பிரித்தவர், அதில் தொங்கிய விலைச்சீட்டைப் பிய்த்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.