முன்னால் எத்தனை, பின்னால் எத்தனை?

காந்திகிராமத்தில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்தால் சிறுமலை தெரியும். கியர் சைக்கிள் வாங்கினால் முதலில் அந்த மலையில்தான் ஏறுவது என்று பள்ளியில் படிக்கும்போதே முடிவு செய்திருந்தேன். பழைய ரேஸ் சைக்கிள் ஒன்று கைக்கு வந்ததும் ஏறினேன். மொத்தம் 18 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவதிலேயே இறங்கித் தள்ள ஆரம்பித்துவிட்டேன். வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்த பெரியவர் கேட்டார்: "கியர் வண்டிங்கிறீங்க, அப்புறம் ஏன் தம்பி தள்ளிட்டு வர்றீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. என் காலில்தான் பலம் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு நாள் முட்டி வலி வேறு.

நண்பர்களே, பிறகுதான் உட்கார்ந்து பல்லை எண்ணினேன். முன்னால் 53, 39. பின்னால் கேசட்டில் 12 முதல் 25 வரை. சக்கரத்தின் சுற்றளவு 2.1 மீட்டர். 39ஐ 25ஆல் வகுத்து 2.1ஆல் பெருக்கினால், பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 3.28 மீட்டர் போகும். மலையில் என் வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். அப்படியானால் நிமிடத்துக்கு 41 சுற்றுதான். அது மிதிப்பதல்ல, ஒவ்வொரு மிதிக்கும் எழுந்து நின்று முக்குவது! பந்தய வீரர்களின் காலுக்குச் செய்த கணக்கை என் காலில் மாட்டியிருந்தேன்.

மாற்றலாம் என்றால் கையில் இருந்த காசுக்கு ஒன்றுதான் முடியும். முன்பக்கமா, பின்பக்கமா? என் கிராங்கில் போல்ட் வட்டம் 130 மி.மீ. அதில் 38 பல்லுக்குக் கீழே மாட்ட வழியில்லை. 34 வேண்டுமானால் கிராங்கையே மாற்ற வேண்டும். அப்படி மாற்றினாலும், பின்னால் அதே 25 இருந்தால் நிமிடத்துக்கு 47 சுற்றுதான். பின்னால் 11-32 கேசட் போட்டு, முன்னால் 39ஐ அப்படியே விட்டால் 52 சுற்று. ஆகவே பின்பக்கம்தான்! ஆனால் பழைய டீரெய்லரின் குட்டைக் கூண்டு 32 பல்லைத் தாங்காது. நீளக் கூண்டு உள்ளதும், நீளமான செயினும் சேர்த்து வாங்கினேன்.

ஒன்றைப் பெற்றால் ஒன்றை இழக்கத்தானே வேண்டும்? பழைய கேசட்டில் 15, 16, 17 என்று ஒவ்வொரு பல்லாக ஏறும். புதியதில் 16க்கு அடுத்தது 18. ஆடிக்காற்றுக்கு எதிரே மதுரை ரோட்டில் போகும்போது 16 பாரமாக இருக்கும், 18 லேசாகிவிடும். நடுவில் 17ஐ மனசு தேடும். சமவெளியில் மட்டும் ஓட்டுகிறவர்கள் என்னைப் பார்த்து மாற்ற வேண்டாம்.

கியர் போடுவது பலவீனம் என்கிற எண்ணம் பெரிய இடத்திலேயே இருந்திருக்கிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயம் தொடங்கியது 1903இல். அதில் டீரெய்லருக்கு அனுமதி கிடைத்தது 1937இல்தான். அதுவரை மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டினார்கள்.

மறுபடியும் சிறுமலை ஏறினேன். 18 வளைவும் இறங்காமல் ஏறினேன். அந்தப் பெரியவரைத்தான் காணோம்.

வீட்டுக்கு வந்தால், அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டில் ஏறி வந்துகொண்டிருந்தார். சின்னாளபட்டியிலிருந்து சேலைக்கட்டு சுமக்கிற வண்டி. இத்தனை வருஷமாக அதன் பல்லை நான் எண்ணியதே இல்லை. முன்னால் 44, பின்னால் 18. ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீட்டர்! ஐம்பது வயதுக்காரர், சுமையோடு.

"ஃப்ரீவீலை மாத்திரலாம்ப்பா" என்றேன்.

"இறங்கித் தள்றதுல என்னடா குறைஞ்சு போச்சு?"

கேட்காமல் 22 பல் ஃப்ரீவீல் வாங்கி மாட்டினேன். செயினில் ஒரு கண்ணி சேர்த்தேன். இப்போது நாலரை மீட்டர். வேகம் குறைந்துவிட்டது என்று ஒரு வாரம் திட்டினார். அதற்குப் பிறகு மேட்டில் அவர் இறங்கி நான் பார்க்கவில்லை.

மெக்கானிக்கல் படிக்கிற நாம் கியர் ரேஷியோவைப் பரீட்சைக்கு எழுதி மார்க் வாங்கிவிடுகிறோம். இந்த லீவில் வீட்டில் நிற்கிற சைக்கிளின் பல்லை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அதை மிதிக்கிறவர் முட்டியையும் கேளுங்கள்.