காவேரிக் கரைக்குப் பையில் என்ன புத்தகம்?

பிரயாணம் என்று வந்துவிட்டால் நம் வீடுகளில் ஆலோசனை புடவையில் ஆரம்பிக்கும். அப்புறம் புளியோதரையா, தயிர் சாதமா என்ற பிரச்னை. மாத்திரை, சீப்பு, குடை, குழந்தைக்கு ஸ்வெட்டர் எல்லாம் பட்டியலில் ஏறும். வாசலில் வண்டி வந்து ஹாரன் அடித்த பிறகுதான், "வழியிலே படிக்க ஏதாவது எடுத்துண்டாயா?" என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். மேஜைமேல் கைக்கு அகப்பட்டது எதுவோ அது பைக்குள் போகும். கும்பகோணம் போகிறவள் கையில் காஷ்மீரத்து மர்ம நாவல் இருக்கும்!

மற்ற ஊர்களுக்கு இது போதுமோ என்னவோ, காவேரிக் கரைக்குப் போதாது. அந்தச் சீமையில் ஒவ்வொரு ஏரிக்கும் ஒரு கதை இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு கல்வெட்டும் இருக்கிறது. இரண்டும் ஒன்றையே சொல்வதில்லை என்பதுதான் சுவாரஸ்யம்.

'பொன்னியின் செல்வன்' 2022-லும் 2023-லும் இரண்டு பாகங்களாகத் திரைப்படமாக வந்ததும் எங்கள் வீட்டில், "அந்த இடங்களையெல்லாம் பார்க்க வேண்டும்" என்ற பேச்சு கிளம்பியது. அண்ணி, ஒன்பதாவது படிக்கும் அவள் மகள், நான் என்று மூன்று பேர் புறப்பட்டோம். புத்தக விஷயத்தில் மூன்று கட்சிகள். "கதைதான் வேண்டும். சரித்திரமெல்லாம் பரீட்சையோடு போகட்டும்" என்பது அண்ணியின் கட்சி. "படம்தான் பார்த்தாச்சே, புத்தகம் எதுக்கு?" என்பது மகளுடையது. கதை ஒன்று, சரித்திரம் ஒன்று, இரண்டுக்கும் நடுவிலே ஒன்று என்பது என் கட்சி. பை தூக்குகிறவள் நான் ஆனபடியால் என் கட்சியே ஜயித்தது.

முதலில் கதை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' பத்திரிகையில் வாராவாரம் வந்தது. ஐந்து பாகம். ஐந்தையும் சுமந்துகொண்டு போவது தோளுக்கு நல்லதல்ல. முதல் பாகமான 'புது வெள்ளம்' ஒன்றே பிரயாணத்துக்குப் போதும். 1999-ல் கல்கியின் எழுத்துக்கள் நாட்டுடைமையாகிவிட்டதால் பல பதிப்பகங்கள் பல விலையில் போட்டிருக்கின்றன. மலிவு என்று வாங்கிப் பொடி எழுத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஓடும் பஸ்ஸில் கண் போய்விடும்.

சிதம்பரத்தில் இறங்கி வாடகைக் கார் பிடித்துக் காட்டுமன்னார்கோயில் சாலையில் போனோம். வீராணம் ஏரிக்கரை வந்ததும் மகள் முதல் அத்தியாயத்தைப் பிரித்துக்கொண்டாள். ஆடிப் பதினெட்டில், பெண்கள் சித்திரான்னம் கட்டிக்கொண்டு வந்து கூடியிருக்கும் கரையோரமாக வந்தியத்தேவன் குதிரையில் வருகிறானே, அந்தக் கரை. முதல் பராந்தக சோழன் காலத்தில், அதாவது 907-க்கும் 955-க்கும் இடையில், வெட்டிய ஏரி. வீரநாராயணன் என்பது அவனுடைய பட்டப் பெயர். பத்துக் கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. அக்கரை தெரியாத இடங்களும் உண்டு. கொள்ளிடத்துக் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. மேட்டூர் அணை 1934-ல் வந்த பிறகு ஆடிப் பெருக்கு என்பது ஆகாயத்தையும் குடகு மலையையும் மட்டும் பொறுத்த சங்கதியல்ல. அணைக் கதவு எப்போது திறக்கிறது என்பதையும் பொறுத்தது. 2004 முதல் இந்த ஏரித் தண்ணீர் குழாய் வழியே சென்னைக்கும் வருகிறது. "அப்போ நம்ம வீட்டுக் குழாயிலே வரதும் சோழன் தண்ணியா, அத்தை?" என்று கேட்டாள் மகள். அன்றைக்குத்தான் அவளுக்குப் புத்தகத்தில் ஒரு பிடிப்பு ஏற்பட்டது என்று நினைக்கிறேன்.

அங்கிருந்து உடையார்குடி. காட்டுமன்னார்கோயிலின் ஒரு பகுதிதான். வீரநாராயணபுரம் என்ற பழைய பெயரில் நாதமுனிகள் பிறந்த ஊர். நாலாயிர திவ்யப் பிரபந்தத்தைத் தொகுத்துத் தந்தவர் அவர். ஆனால் நாங்கள் தேடிப் போனது அனந்தீசுவரர் கோயிலை. அதன் சுவரில் ஒரு கல்வெட்டு. ராஜராஜ சோழனின் இரண்டாம் ஆட்சி ஆண்டைச் சேர்ந்தது என்று சரித்திரக்காரர்கள் கொள்கிறார்கள்.

ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டானே, அதைப் பற்றிய நேரான சாசனம் இது. கதையில் வரும் ரவிதாசன், சோமன், பரமேசுவரன் என்ற பெயர்கள் கல்கியின் கற்பனையல்ல. இந்தச் சுவரிலிருந்து எடுத்தவை. உடன்பிறந்தவர்கள் அவர்கள், அரசாங்கத்தில் பெரிய பட்டம் பெற்ற உத்தியோகஸ்தர்கள். துரோகிகள் என்று கல் அவர்களைச் சொல்கிறது.

"நந்தினி பேர் எங்கே இருக்கு?" என்று மகள் சுவரைத் தடவினாள்.

"இல்லையே, கண்ணு."

"கொஞ்சம்கூடவா இல்லை?"

கொஞ்சம்கூட இல்லை. நந்தினி முழுக்க முழுக்கக் கல்கியின் சிருஷ்டி. பூங்குழலியும் ஆழ்வார்க்கடியானும் அப்படியே. குழந்தையின் முகம் சுண்டிவிட்டது. அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள். இதற்குத்தானா இவ்வளவு தூரம் அழைத்துவந்தாய் என்று அர்த்தம்.

அப்போதுதான் பையிலிருந்து இரண்டாவது புத்தகத்தை எடுத்தேன். தி. வை. சதாசிவ பண்டாரத்தாரின் 'பிற்காலச் சோழர் சரித்திரம்'. மூன்று பகுதிகள், முதல் பகுதி 1949-ல் அண்ணாமலைப் பல்கலைக் கழக வெளியீடாக வந்தது. நல்ல தமிழ். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் கொட்டாவி வரும். சரித்திரப் புத்தகத்தை அப்படிப் படிக்க வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? எந்த ஊரில் நிற்கிறோமோ அந்த ஊர் வரும் பக்கத்தை மட்டும் திறந்தால் போதும்.

கல்வெட்டில் நந்தினி இல்லை. ஆனால் வேறொரு பெண் இருக்கிறாள். பெரிய நங்கைச் சாணி என்று பெயர். குற்றவாளிகளின் சுற்றத்தாரில் ஒருத்தி, ஒரு தாய். அவள் நிலமும் போயிற்று. அவள் ஒருத்தி மட்டுமல்ல. கொலை செய்தவர்களின் மக்கள், தந்தைவழிப் பெரியவர்கள், தாயோடு பிறந்த மாமன்மார், அவர்கள் உடன்பிறந்த பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள், அவர்கள் பெண்களைக் கட்டிக்கொண்டவர்கள் என்று வளைத்து வளைத்துச் சொத்தைப் பறிமுதல் செய்ய உத்தரவு. அந்த நிலத்தையும் மனைகளையும் பொன் கொடுத்து ஒருவர் வாங்கிக் கோயிலுக்குத் தர்மமாக எழுதி வைத்தார். அந்தத் தர்மத்தைப் பதியத்தான் இந்தக் கல்வெட்டே!

அண்ணி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "கொலை பண்ணினவன் எவனோ. அவன் தங்கையைக் கட்டிண்டவன் என்ன பாவம் பண்ணினான்? அந்தத் தங்கை புகுந்த வீட்டிலே எப்படித் தலை நிமிர்ந்து நடந்திருப்பாள்?" என்றாள்.

இந்தக் கேள்வி நாவலில் இல்லை. சரித்திரப் புத்தகத்திலும் இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் அண்ணிக்கு அது தோன்றியது. நாவல் படித்திராவிட்டால் ஆதித்த கரிகாலன் யாரோ ஒரு ராஜகுமாரன்; சுவரை அவள் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டாள். சரித்திரம் கையில் இல்லாவிட்டால் நந்தினியைக் காணோமே என்று கோயில் பிரசாதத்தை வாங்கிக்கொண்டு திரும்பியிருப்பாள்.

இன்னொரு வேடிக்கை. சரித்திரக்காரர்களுக்குள்ளேயும் சண்டை உண்டு. கொலை நடந்தது 970-ஐ ஒட்டி. பிறகு 985 வரை உத்தம சோழன் ஆண்டான். கொலைக்காரர்களின் சொத்து விவகாரமோ அதற்கும் பிறகு, ராஜராஜன் காலத்துக் கல்லில்தான் வருகிறது. ஏன் இத்தனை தாமதம்? கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார் 1935-லும் 1937-லும் இரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் எழுதிய சோழர் வரலாற்றில் உத்தம சோழன்மேல் சந்தேகப்படுகிறார். பண்டாரத்தார் அதை ஒப்புக்கொள்ளவில்லை. என்னைக் கேட்டால் நான் பண்டாரத்தார் பக்கம். உத்தம சோழனின் மகனைக் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் பெரிய பதவியில் ராஜராஜனே வைத்திருந்தான். அண்ணனைக் கொல்வித்தவன் மகன் என்று நினைத்திருந்தால் வைத்திருப்பானா? நாவலில் இந்த மதுராந்தகர் விஷயம் எப்படி முடிகிறது என்பதைச் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்னும் படிக்காத வாசகிகள் என்மேல் சண்டைக்கு வருவார்கள்.

ஆகவே சரித்திரம் என்று ஒரே ஒரு புத்தகத்தை வாங்கி அதைச் சத்தியப் பிரமாணமாக வைத்துக்கொள்ளக் கூடாது. முடிந்தால் இரண்டு. சாஸ்திரியாரின் நூல் தமிழிலும் வந்திருக்கிறது; விலை கையைக் கடித்தால் நூலகத்தில் எடுக்கலாம்.

அணைக்கரைப் பாலம் தாண்டிக் கும்பகோணம் போகிற வழியில் திருப்புறம்பியத்துக்குத் திரும்பினோம். சுமார் 880-ல் பல்லவனுக்கும் பாண்டியனுக்கும் நடந்த பெரும் போரில் கங்க மன்னன் பிருதிவீபதி இங்கே மாண்டான். அவனுடைய பள்ளிப்படை இங்கே உண்டு. நாவலில் நள்ளிரவில் சதிகாரர்கள் கூடுவது அந்தப் பள்ளிப்படையில்தான். பகலில் பயமாக ஒன்றும் இல்லை. வயலும் தென்னையும் ஆடும்தான். பண்டாரத்தாரின் பெயருக்கு முன்னால் உள்ள 'தி' இந்தத் திருப்புறம்பியம்தான். கதையில் சதி நடக்கும் ஊர், சரித்திரம் எழுதியவர் பிறந்த ஊர்! அண்ணிக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. "அவர் சின்னப் பிள்ளையாக இங்கேதான் விளையாடியிருப்பார், இல்லே?" என்று புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கோயிலில் தேன் அபிஷேகம் கொள்ளும் பிள்ளையாரையும் சேவித்துக்கொண்டு கிளம்பினோம்.

கும்பகோணத்துக்கு வந்த பின்னும் சோழர்களையே கட்டிக்கொண்டு அழ வேண்டாம். பலர் ஒரு சரித்திர நாவல் பிடித்துவிட்டால் அடுத்ததும் சரித்திர நாவல், அதற்கடுத்ததும் சரித்திர நாவல் என்று போகிறார்கள். ஜாங்கிரிமேல் மைசூர்பாகு, அதன்மேல் அல்வா. நாக்கு மரத்துப் போகாதா? அங்கே வாயைக் கொஞ்சம் காரமாக்கிக்கொள்வது நல்லது. தி. ஜானகிராமனின் 'மோக முள்' அந்த ஊர்த் தெருக்களையும் காவேரிப் படித்துறையையும் பாட்டையும் வைத்து எழுதியது. ஒன்பதாவது படிக்கிற பெண்ணுக்கு அது இப்போது வேண்டாம் என்பது அண்ணியின் தீர்ப்பு. அவள் தானே வாங்கி வைத்துக்கொண்டாள்.

மகளுக்கு நான் எடுத்து வந்தது உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. நடுவிலே ஒன்று என்றேனே, அது இதுதான். நாவல் போல ஓடும். ஆனால் எல்லாம் நடந்தது. பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்தில் 1855-ல் பிறந்த ஐயர் 1942-ல் காலமானார். சுய சரிதம் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தபோதே போய்விட்டதால் முடியாமலே நிற்கிறது. படிப்புக்காக ஊர் ஊராகக் குடி மாறிய ஓர் ஏழைக் குடும்பம், ஏட்டுச் சுவடியைத் தேடி அலைந்த அலைச்சல் எல்லாவற்றையும் படித்தால் நம் குழந்தைகள் புத்தகம் கிழிந்திருக்கிறது என்று புகார் செய்ய மாட்டார்கள்.

இன்னொரு புத்தகத்தையும் சொல்லிவிடுகிறேன். ராஜம் கிருஷ்ணனின் 'பாதையில் பதிந்த அடிகள்', 1991-ல் வந்தது. தஞ்சை மண்ணில் உழவர்களுக்காகப் போராடி 1953-ல் மறைந்த மணலூர் மணியம்மையின் வாழ்க்கையை நாவலாக்கியது. கார் ஜன்னலுக்கு வெளியே பச்சையாக ஓடுகிற வயல் யாருடையது, யார் நட்டது, யாருக்குக் கூலி கிடைத்தது என்று கேட்கிற புத்தகம். ராஜாக்களின் கதையை மட்டும் படித்தால் இந்த வயல் வெறும் காட்சியாகப் போய்விடும்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலை நாலு மணிக்குப் போனோம். அவ்வளவு பெரிய கோயிலைக் கட்டியவன் ராஜராஜன் என்பதே ஒரு காலத்தில் மறந்து போயிருந்தது. தலபுராணத்தில் வேறு சோழன் பெயர் வழங்கியது. 1886-ல் ஹுல்ஷ் என்ற ஜெர்மானிய அறிஞர் சுவரைப் படித்த பிறகே உண்மை வெளிப்பட்டது. குந்தவை கொடுத்த நகைகள் எடை போட்டு, முத்து எண்ணி, அந்தச் சுவரில் பதிந்திருக்கின்றன. தாய் தகப்பனுக்கு அவள் படிமம் செய்து வைத்ததும் இருக்கிறது. வந்தியத்தேவன் பெயர் அங்கே அவள் கணவன் என்ற முறையில்தான் வருகிறது. "அவ்வளவுதானா?" என்றாள் மகள். ஐந்து பாகம் குதிரை ஓட்டியவன் பாவம்!

வெளிச் சுவரில் நானூறு ஆடல் மகளிரின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. எந்தக் கோயிலிலிருந்து வந்தவள், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனையாவது வீடு எல்லாம் உண்டு. ஆளுக்கு ஒரு வீடும் வருஷத்துக்கு நூறு கலம் நெல்லும். எடுத்தபாதம் என்று ஒருத்திக்குப் பெயர். மகள் அந்தப் பெயரை இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.

"இவளைப் பத்திக் கதை இருக்கா, அத்தை?"

"பேரும் வீடும் நெல்லும்தான் இருக்கு."

ரயிலில் திரும்பும்போது அண்ணி பண்டாரத்தாரைப் பிரித்து உடையார்குடிப் பக்கத்தை மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். எதிர் ஆசனத்தில் மகள் நோட்டுப் புத்தகத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன், சட்டென்று மூடிவிட்டாள். மேல் அட்டையில் 'எடுத்தபாதம், முதல் அத்தியாயம்' என்று இருந்தது.